யாருக்குக் கடன், எந்த வட்டிக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குடும்பக் கடன் பெருகிவருவது பற்றிய தங்கள் தலையங்கம், மக்கள் வரவுக்கு மேல் செலவழிக்கப் பழகிவிட்டார்கள் என்று முடிகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதிய எனக்கு அந்த முடிவு உடன்பாடில்லை.

2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருவருக்கு ஆகும் மாதச் செலவு பழங்குடிக் குடும்பங்களில் 3,016 ரூபாய், பட்டியல் சாதிக் குடும்பங்களில் 3,474 ரூபாய், பிற்படுத்தப்பட்ட வகுப்பினரிடம் 3,848 ரூபாய், ஏனையோரிடம் 4,392 ரூபாய். கிராமத்துச் செலவில் சராசரியாக 46 சதவீதம் உணவுக்கே போகிறது என்பதையும் அதே ஆய்வு சொல்வதால், முதல் இரு பிரிவினரை ஊதாரிகள் என்பதற்கு இடமே இல்லை.

கடனுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் கடன், முதலீட்டு ஆய்வு, கிராமத்தில் சாகுபடிக் குடும்பத்தின் சராசரிக் கடன் 74,460 ரூபாய் என்றும், சாகுபடி செய்யாத குடும்பத்தின் கடன் 40,432 ரூபாய் என்றும் கூறுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நிலமில்லாதவர் நிம்மதியாக இருப்பதாகத் தோன்றும். (இரண்டாவது கணக்கில் கடைக்காரரும் மாதச் சம்பளக்காரரும் கூலித் தொழிலாளியோடு சேர்ந்தே வருகிறார்கள்.) ஆனால் சுமையைத் தீர்மானிப்பது தொகையைக் காட்டிலும் வட்டிதான். நில உரிமையையும் சாகுபடியையும் காட்டும் ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் கொண்டுவருபவருக்கு எங்கள் சங்கத்தில் பயிர்க்கடன் உண்டு. தவணை தவறாமல் கட்டினால் அவருக்கு வட்டியே கிடையாது. அதே நிலத்தில் களையெடுக்கும் கூலித் தொழிலாளி, பெரும்பாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், பிள்ளையின் காய்ச்சலுக்குத் தண்டல்காரரிடம்தான் போகிறார். 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலித்தால், அது ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிய வட்டி. அந்தக் கூலித் தொழிலாளியின் பெயர் எங்கள் பேரேட்டில் ஒருநாளும் ஏறியதில்லை.

தள்ளுபடியும் பேரேட்டைப் பார்த்தே வருகிறது. 2021இல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. நான் அதைக் குறை கூறவில்லை. பின்னர் கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக் கடனும் 5 பவுன் வரையிலான நகைக்கடனும் தள்ளுபடியானதையும் மறுக்கவில்லை. ஆயினும் அடகு வைக்கப் பொட்டுத் தங்கமும் இல்லாமல் தண்டலில் வாங்கியவருக்கு இவற்றால் ஒரு ரூபாயும் குறையவில்லை.

நுண்கடன், அதாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஈடின்றித் தரப்படும் சிறுகடன், வாங்கும் குடும்பத்தின் மாதத் தவணைகள் அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. நல்ல விதிதான், ஆனால் எழுத்தில் இல்லாத தண்டல் தவணையை எந்த அதிகாரி அந்தக் கணக்கில் சேர்ப்பார்?

குடும்பக் கடனைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, சராசரித் தொகையோடு நில்லாமல், எந்தப் பிரிவினர் யாரிடம் எந்த வட்டிக்கு வாங்குகிறார்கள் என்பதையும் தாங்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவர்,
மணப்பாறை