ஊறுகாய்க்கு வினாகிரி எதுக்கு?

அன்பு மகளுக்கு,

ஒட்டாவாவிலயிருந்து நீ அனுப்பின தேசிக்காய் ஊறுகாய் லேபல் வந்தது. வடிவாத்தான் இருக்குது. இங்கிலீசு, பிரெஞ்சு ரெண்டும் போட்டிருக்கிறாய், கடுகு இருக்கெண்டும் எழுதியிருக்கிறாய். ஆனா தேசிக்காய்க்கு அடுத்த பேரா வினாகிரி எப்பிடி வந்தது?

போத்தலில அடைச்சுத் தாற கம்பனி கேட்டதெண்டு சொல்லுறாய். புளிப்பை அளக்கிற பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6க்குக் கீழ நிக்கவேணும், இல்லாட்டி நஞ்சுக் கிருமி வளரும், அது சரி. தேசிப்புளி 3க்கும் கீழ. ஊறி முடிஞ்ச காயை அரைச்சு அளந்து பாக்கச் சொல்லு. அவைக்கு வினாகிரி தேவைப்படுறது கிருமிக்குப் பயந்தில்லை, ஊறவிட நேரமில்லாமல். வினாகிரி விட்டா அண்டைக்கே புளிக்கும்; தோல் கைச்சபடியேதான் கிடக்கும்.

நீ கேட்ட அளவு: கிலோ காய்க்கு 200 கிராம் கல்லுப்பு. மெக்சிக்கோவிலயிருந்து வாற சின்னக் காய் எடு. விதையில்லாத பெரிய காய் தோல் தடிப்பு, எனக்கு அது பிடிக்காது. அடி பிரியாமல் நாலாப் பிளந்து உப்பை அடை. எத்தனை கிழமையெண்டு கேக்காதை. பச்சை போய் மண்ணிறமாகி, நகத்தால அமத்தினாத் தோல் பதியவேணும். பிறகுதான் காயவைக்கிறது, மிளகாய்த்தூள் எல்லாம்.

ரொறன்ரோ ஸ்காபரோவில வெயிலுக்கு எங்க போறது? அம்மம்மா பேஸ்மென்ற் ஹீற்றருக்குப் பக்கத்தில தட்டுகளைப் பரப்பி வைச்சவா. மணக்குதெண்டு வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். சும்மா குடுத்த போத்தலையும் அந்த மனுசன் தொடேல்லை! ரெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவின பொடியள்தான் அவவின்ர முதல் ஆக்கள். சம்பளம் எடுக்கிற அண்டைக்குக் காசு தருவினம், ஒருத்தரும் ஏமாத்தேல்லை. நான் கடைகளுக்குப் போடத் தொடங்கின பிறகுதான் கடன் கொப்பியே வந்தது. ஒரு கடைக்காரர் இண்டைக்கும் தரவேணும்.

பெரிசாச் செய்யாதை எண்டு நான் சொல்லேல்லை. ஊறுற மட்டும் டிரம்மை வைச்சிருக்க அவை வாடகை கேட்டாக் குடு, போத்தலுக்கு ஒரு டொலர் கூட்டி வில். மாட்டம் எண்டா அவையை விடு. 2020இல இருந்து ஒன்ராறியோ மாகாணத்தில ஊறுகாய், ஜாம் எல்லாம் வீட்டுக் குசினியிலேயே செய்து விக்கலாம். சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கவேணும், அவை வந்து பாப்பினம். உன்ர குசினி அதுக்குக் காணும்.

காய் மலியேக்க சொல்லு. நானும் அப்பாவும் பஸ் எடுத்து வந்து பிளந்து தாறம். கத்தியை மட்டும் தீட்டி வை, போன முறை உன்ர கத்தி ஒண்டுக்கும் உதவேல்லை.

அம்மா