மலைப் பிள்ளைகளின் ஒரு சதவீதம்

ஆசிரியருக்கு,

தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு வெறும் 1 சதவீதம்தான். நூறில் ஒன்று! அதையும் பொய்ச் சாதிச் சான்றிதழ் காட்டி யாரோ வாங்கிக்கொண்டால், சித்தேரி மலையிலிருந்து படிக்க வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை எங்கே போகும்? தாத்தாவின் பட்டா, அப்பாவின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, சாதிச் சான்றில் கோட்டாட்சியர் கையெழுத்துக்காக அரூருக்கு நடையாய் நடப்பவர்கள் இவர்கள்தான்.

பொய்ச் சான்றில் பெற்ற இடம் செல்லாது என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, படிப்பு முடிந்தபின் ரத்தானால் இழந்தவருக்கு என்ன கிடைக்கும்? சான்று உண்மையா என்று பார்க்கும் மெய்த்தன்மை விசாரணையைக் கலந்தாய்வுக்கு முன்பே முடியுங்கள். உண்மையான பிள்ளைகளுக்கு, கோடை விடுமுறையிலேயே மலைக்குப் போய் முகாம் போட்டுச் சான்றிதழ் கொடுங்கள்.

– ஒரு வாசகர், அரூர், தருமபுரி மாவட்டம்