விசைமூடியின் வடிவமும் தமிழ்த் தட்டச்சரின் சுண்டுவிரலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் கொண்ட விசைப்பலகை, வாங்க விரும்புவோருக்காக வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்விட்ச் சிவப்பா, பழுப்பா, நீலமா என்பதற்கும் விசைகளுக்கு அடியில் எரியும் வண்ண விளக்குகளுக்கும் முக்கால் பங்கு இடம் தந்த அக்கட்டுரை, விரல் நேரடியாகத் தொடுகிற ஒரே பொருளான கீகேப்பை, அதாவது விசைமூடியை, அழகுக்காக மாற்றிக்கொள்ளும் ஓர் அணிகலனைப்போல் ஒற்றை வரியில் கடந்துவிட்டது. நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்து பிழைப்பவன் என்ற முறையில், அந்த ஒற்றை வரியைச் சற்று விரித்து எழுத அனுமதி வேண்டுகிறேன்.

நான் தட்டச்சுப் பயிலகத்தில் கையால் இயக்கும் தட்டச்சுப் பொறியில் 'யளனக' என்று முதல் பாடம் அடித்துத் தொடங்கியவன். பின்னாளில் கணினிக்கு மாறியபோது, 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகைக்குக் கையைப் பழக்கிக்கொண்டேன். இப்போது நூல்களுக்குத் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் செய்து வருகிறேன். ஆங்கில எழுத்துகளை அடித்து ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் பெறுவோருக்கு ஆங்கிலத்தில் வரும் கீகேப் மதிப்புரைகளே போதுமானவை. நான் எழுதுவது தமிழ்99 பழகியவர்களை மனத்தில் கொண்டு.

பழைய தட்டச்சுப் பொறியில் விசை வரிசைகள் படிக்கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்திருக்கும். ஒவ்வொரு வரிசையின் நெம்புகோலும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் அது தவிர்க்க முடியாத அமைப்பு. கணினி விசைப்பலகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும் விரலின் பழக்கம் கருதி, தட்டையான பலகையின்மேல் மூடிகளின் உயரத்தையும் சாய்வையும் வரிசைக்கு வரிசை மாற்றி, மேல்வரிசை நம்மை நோக்கியும் கீழ்வரிசை அதற்கு எதிராகவும் சாய்ந்து, பக்கவாட்டில் பார்த்தால் கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்திருக்கும்படி செய்தார்கள். 1985-இல் வந்த ஐபிஎம் நிறுவனத்தின் மாடல் எம் போன்ற சில விசைப்பலகைகளில் இந்த வேலை தலைகீழாக நடந்தது. அங்கே மூடிகள் எல்லாம் ஒரே வடிவம், அடித்தகடே வளைந்திருக்கும். இன்று சந்தையில் கிடைக்கும் வடிவங்களில் செர்ரி, ஓஈஎம், எஸ்ஏ ஆகியவை வரிசைக்கு வரிசை மாறுபவை. டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ ஆகியவை எல்லா வரிசையிலும் ஒரே உயரம் கொண்டவை. செர்ரியில் மிக உயரமான வரிசை ஒன்பதரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். கடைகளில் விற்கும் பெரும்பாலான விசைப்பலகைகளோடு வரும் ஓஈஎம் கிட்டத்தட்ட 12 மி.மீ.; எஸ்ஏ சுமார் 16 மி.மீ. வரை எழும்பி நிற்கும். டிஎஸ்ஏ ஏழரை மில்லிமீட்டரை ஒட்டிய குள்ளம். மேற்பரப்பின் குழிவிலும் வேறுபாடு உண்டு: செர்ரியும் ஓஈஎம்மும் குழாயை நெடுக்காக வெட்டியதுபோல் குழிந்தவை, எஸ்ஏவும் டிஎஸ்ஏவும் கரண்டியின் உட்புறம்போல் நாற்புறமும் குழிந்து விரல்நுனியை நடுவில் இழுத்து நிறுத்துபவை.

இவற்றில் எது நல்லது என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் கிடைக்கும் விடைகள் எல்லாம் ஆங்கிலம் அடிக்கும் விரல்களின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. ஆங்கில உரைநடை அடிப்பவரின் வலக்கைச் சுண்டுவிரலுக்கு 'பி' என்ற ஓர் எழுத்தும் சில நிறுத்தக்குறிகளுமே வேலை. தமிழ்99-இலோ அதே விரலின் பொறுப்பில் ந, ய, ண, ச, ஞ, ழ என்ற ஆறு மெய்களும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் சதுர அடைப்புக்குறி இருக்கும் இடத்தில் நமக்கு 'ச'. சாய்கோடு இருக்கும் இடத்தில் 'ழ'. 'பயணச்சீட்டு' என்று அடித்துப் பாருங்கள். புள்ளியை மென்பொருளே இட்டுக்கொள்வதால் ஒன்பது தட்டல்களில் சொல் முடிந்துவிடும். அந்த ஒன்பதில் ய, ண, ச, ச என நான்கு தட்டல்கள் தொடர்ச்சியாக இந்த ஒரு சுண்டுவிரலின் தலையில் விழுகின்றன. 'எழுச்சி' என்ற சிறிய சொல்லில் அது கீழ்வரிசையின் 'ழ'வுக்கு இறங்கி, இடக்கை உகரத்தை அடித்து முடிப்பதற்குள் இரண்டு வரிசை தாண்டி 'ச'வுக்கு ஏற வேண்டும். இடக்கையிலும் இதே கதைதான். குறில்களில் அ, இ, உ, எ நான்கும் நடுவரிசையில் இருக்க, ஆ, ஈ, ஊ, ஏ என்ற நெடில்களும் ஐகாரமும் அதற்கு மேல்வரிசையில் உள்ளன. ஆகவே ஆகாரத்தின் துணைக்கால் (ா) ஒவ்வொன்றுக்கும் இடக்கைச் சுண்டுவிரல் ஒரு படி ஏறி இறங்கியாக வேண்டும். அந்தப் படி எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஆங்கிலத் தட்டச்சருக்கு ரசனை சார்ந்த விஷயமாக இருக்கலாம், நமக்கு அது கைவலி சார்ந்த விஷயம்.

இதை நான் அறிந்துகொண்டது செலவு செய்துதான். பழைய தட்டச்சுப் பொறியை நினைவூட்டும் தோற்றத்தில் மயங்கி முதலில் எஸ்ஏ வடிவ மூடிகளை வாங்கினேன். பார்வைக்கு அவ்வளவு அழகு. தட்டினால் எழும் கனத்த ஓசையும் காதுக்கு இதமாகவே இருந்தது. ஆனால் நடுவரிசை 'ய'விலிருந்து மேலே 'ச'வுக்குப் போகும்போது சுண்டுவிரலின் நுனி மேல்வரிசை மூடியின் முன்சுவரில் முட்டத் தொடங்கியது. எல்லா விரல்களிலும் குட்டையான விரலுக்கு எல்லாவற்றிலும் உயரமான சுவர். பயிலகத்தில் மணிக்கட்டு எங்கும் படக்கூடாது என்று ஆசிரியர் அளவுகோலால் தட்டித் திருத்தியது நினைவுக்கு வர, மணிக்கட்டைத் தூக்கியே அடித்துப் பார்த்தேன், அப்போது முட்டவில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போய் மேசையில் மணிக்கட்டைச் சாய்த்து அடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இவ்வடிவம், கைக்கு அடியில் நல்ல உயரமான தாங்கி வைத்தாலொழிய, ஒத்துவராது என்பதே என் முடிவு.

அடுத்து எதிர்த்திசைக்கு ஓடி, ஒரே உயரமுள்ள எக்ஸ்டிஏ மூடிகளைப் பூட்டினேன். முட்டுவது நின்றது. வந்த புதுத் தொல்லை வேறு: மேல்வரிசை நம்மை நோக்கிச் சாயாததால் விரல் இன்னும் நீள வேண்டியிருந்தது, மூடியின் மேற்பரப்பு அகன்று, குழிவு மிகக் குறைவாக இருந்ததால், ஓரத்தில் இருக்கிறோமா நடுவில் இருக்கிறோமா என்று விரலுக்குத் தெரியவில்லை. 'செய்தி' அடிக்கப் போய் 'ஞெய்தி' என்று விழுந்தது, அதுவும் ஒரே பக்கத்தில் மூன்று முறை. மெய்ப்புத் திருத்துபவன் தன் பிழையையே திருத்திக்கொண்டிருந்தால் பிழைப்பு என்னாவது? எனினும் இவ்வடிவத்துக்கு ஒரு தனிப் பயன் உண்டு. எந்த மூடியையும் எந்த வரிசைக்கும் மாற்றலாம் என்பதால், தட்டச்சுப் பொறி அமைப்பையோ வேறு எதையுமோ தாமே அடுக்கிப் பழக விரும்புவோருக்கும், எழுத்தே அச்சிடாத வெற்று மூடிகளை வைத்துக்கொள்வோருக்கும் இது வசதியானது.

மூன்றாவதாகத்தான் செர்ரிக்கு வந்தேன், அதுவும் நேர்வழியில் அல்ல. இணையத்தில் ஒரு விற்பனையாளர் செர்ரி என்று பெயரிட்டு விற்ற தொகுதியை வாங்கிப் பூட்டியபோது ஏதோ உயரமாகத் தெரிந்தது. மகள் பாலிடெக்னிக்கில் பயன்படுத்திய வெர்னியர் காலிப்பரை எடுத்து எண்வரிசை மூடியை அளந்தால் 11.8 மி.மீ. காட்டியது. வந்திருந்தது ஓஈஎம். திருப்பி அனுப்பிவிட்டு, அளவை விளக்கப்படத்தோடு வெளியிட்டிருந்த வேறொருவரிடம் வாங்கினேன். ஆகவே வாங்குவோர் வடிவத்தின் பெயரை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவது நல்லது. செர்ரியின் மேல்வரிசை ஏறுவதற்குத் தாழ்வாகவும் எட்டுவதற்குப் போதிய சாய்வோடும் இருப்பதால், நெடில்களுக்கும் 'ச'வுக்கும் விரல் அலையாமல் போய் வருகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: விளக்குக்கான துளை ஸ்விட்சின் மேற்பக்கம், அதாவது திரையை நோக்கி அமைந்த பலகைகளில், இவ்வடிவத்தின் நடுவரிசை மூடி ஸ்விட்சின் கூட்டில் இடிக்கக்கூடும். துளை நம்மை நோக்கி அமைந்த பலகையில் இந்தத் தொல்லை இல்லை.

இத்துடன் நான் செய்துகொண்ட சிறு மாற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் அமைப்புக்கும் பொருந்தும் தொகுதிகளில், பெரிய என்டர் விசையை ஒட்டி நடுவரிசையில் வைப்பதற்கென்று ஒரு சிறிய மூடி கூடுதலாக வரும். அமெரிக்க அமைப்புப் பலகை வைத்திருக்கும் நம் ஊரில் அது பெட்டியிலேயே தூங்கும். அந்தத் தாழ்ந்த மூடியை எடுத்து மேல்வரிசையில் 'ச' இருக்கும் இடத்தில் பூட்டினேன். இருபுறமும் ணவும் ஞவும் சற்று உயர்ந்திருக்க நடுவில் 'ச' மட்டும் பள்ளமாக இருப்பதால், பார்க்காமலே விரல் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆங்கில எழுத்துகளில் எஃப், ஜே விசைகளின்மேல் இருக்கும் சிறு மேடு செய்கிற வேலையை இந்தப் பள்ளம் செய்கிறது. அந்த இரு விசைகளும் தமிழ்99-இல் முறையே புள்ளியும் பகரமும் என்பதை நினைத்தால், சில தொகுதிகளில் மேட்டுக்குப் பதிலாக அவற்றை மட்டும் ஆழக் குழித்துத் தருவது நமக்குக் கூடுதல் நன்மை. மெய்யெழுத்து நிறைந்த தமிழில் புள்ளி விசைக்கு ஓய்வே இல்லை.

பிளாஸ்டிக்கின் வகையைப் பற்றிச் சுருக்கமாக: ஏபிஎஸ் மூடி நாளடைவில் தேய்ந்து எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும், பிபிடி சொரசொரப்பை நெடுநாள் காக்கும். ஸ்பேஸ் பாரின் நீளம் பலகைக்குப் பலகை மாறும் என்பதையும், தட்டையான லோ புரொஃபைல் ஸ்விட்சுகள் பலவற்றில் வழக்கமான சிலுவைத் துளை மூடிகள் பொருந்தா என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தமிழ் எழுத்து பொறித்த மூடிகள் ஏன் அரிதாக இருக்கின்றன என்பது. இரு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்க்கும் டபுள்ஷாட் முறையில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி உலோக அச்சு வெட்ட வேண்டும். ஆங்கிலத்துக்கு வெட்டிய அச்சு உலகம் முழுவதும் விலைபோகும், ஞகரத்துக்கு வெட்டிய அச்சு போகாது. வெப்பத்தால் சாயத்தைப் பிளாஸ்டிக்குள் இறக்கும் முறையிலோ தனி அச்சு தேவையில்லை, வெளிர்நிறப் பிபிடி மூடியும் எழுத்தின் படமும் இருந்தால் போதும். கறுப்பு மூடியில் வெள்ளை எழுத்து அம்முறையில் வராது என்பது மட்டுமே குறை. எனவே வெளிர்நிறத்தில், செர்ரி உயரத்தில், தமிழ்99 எழுத்துகளோடு ஒரு தொகுதியைச் சிறிய எண்ணிக்கையில் செய்வதற்குப் பெரிய தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமே என்பார்கள், ஒட்டிப் பார்த்தேன். குழிந்த பரப்பில் அதன் ஓரம் எழும்பி, இரண்டே மாதத்தில் 'ண' என் விரலோடு வந்துவிட்டது.

தங்கள் தொழில்நுட்பப் பக்கம் இனி விசைப்பலகைகளை ஒப்பிடும்போது, விலைக்கும் ஸ்விட்சுக்கும் அருகில் மேல்வரிசை மூடியின் உயரத்தையும் மில்லிமீட்டரில் குறிப்பிட வேண்டும் என்றும், மதிப்பிடுபவர் தமிழ்99-இல் ஒரு பக்கமாவது அடித்துப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மெய்ப்புத் திருத்துநர், மதுரை.