பழனியில் பாக்கியிருக்கும் மொட்டை

அன்புள்ள வக்கீலுக்கு,

ஒன்றரை வருடமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான், பதில் போடவேண்டிய முறையும் என்னுடையதுதான். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஃபோர்மேன் ஒருவழியாக வீடு கட்டி முடித்துவிட்டான். கிரகப்பிரவேசத்துக்கு நீ வரவில்லை என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான். போன் போட்டுப் பேசிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன், அதுதான் ஹாஸ்டலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது உன் வெள்ளைச் சட்டையை நனைத்தானே, அவன் இப்போது ராப் பாடுகிறான். மாமன் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், நிஜமாகவே நன்றாக எழுதுகிறான். போன மாதம் ஒரு மியூசிக் கம்பெனி கூப்பிட்டு ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறது. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். மச்சான் தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் அந்த 26 பக்கத்தையும் படித்த ஒரே ஆள் நான்தான். ஐந்து ஆல்பம். நீட்டிப்பதா விடுவதா என்பது கம்பெனியின் இஷ்டம். இடையில் வேறு யாருக்கும் பாடக் கூடாது. ஆனால் கம்பெனி அந்த ஆல்பங்களை வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஒரு வரி தேடினேன், இல்லை. “கொஞ்சம் பொறுடா” என்றேன். “உங்களுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் மாமா” என்று எழுந்து போனவன் இரண்டு வாரமாகப் பேசவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தேன். “வரப்போகிறவை” என்று நீ பெயர் வைத்த ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. 2006-ல் பிரவுசிங் சென்டர்காரரிடம் கெஞ்சி இறக்கிய மிக்ஸ்டேப்புகள் (கம்பெனி ஆல்பத்துக்கு வெளியே ராப்பர்கள் தாங்களாகவே விடும் பாட்டுத் தொகுப்புகள்), ராப்பில் அடுத்து வரப்போகிற ராஜாக்கள் என்று நாம் வைத்திருந்த பட்டியல். சைகான், பபூஸ், ஸ்டாட் குவோ, பிஷப் லமான்ட். வக்கீலே, அந்தப் பட்டியலில் ஒருவருக்காவது சொன்ன தேதியில் ஆல்பம் வந்ததா?

சைகானையே எடுத்துக்கொள். ஜெயிலில் இருந்து வந்த நியூயார்க்காரர். இசை ஜஸ்ட் பிளேஸ், கம்பெனி அட்லாண்டிக். போதாததற்கு ‘என்டூராஜ்’ டிவி தொடரில் தன் பெயரிலேயே நடித்து முகமும் தெரிந்துவிட்டது. 2007 வாக்கில் ஆல்பம் ஏறக்குறையத் தயார். வெளியே வந்தது 2011 பிப்ரவரியில், அதுவும் வேறொரு சின்ன லேபிள் மூலமாக. ஆல்பத்தின் பெயருக்கே ‘சொல்லப்படாத மாபெரும் கதை’ என்றுதான் பொருள். பெயர் வைக்கும்போதே நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறது. பபூஸ் கதை இன்னும் மோசம். 2006-ல் ஜைவ் கம்பெனியோடு பதினைந்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பேச்சாக இருந்தது, நீ மெஸ்ஸில் எல்லோருக்கும் ஆம்லெட் வாங்கிக் கொடுத்தாய். (யார் காசில் என்பதைப் பிறகு சொல்கிறேன்.) அடுத்த வருடமே அங்கிருந்து வெளியே வந்துவிட்டார். ஆல்பம் அவராகவே வெளியிட்டு வந்தது 2013-ல்.

அப்போதெல்லாம் நாம் என்ன சொல்வோம்? கம்பெனிக்காரனுக்கு ரசனை இல்லை, முட்டாள்கள். இத்தனை வருடம் நானும் ஆபீஸில் குப்பை கொட்டியதில் இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. முட்டாள்தனமே இல்லை. கணக்குதான்.

ஒரு ராப்பரை ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் பாட வைப்பதில் ஆகும் செலவு பெரிய கம்பெனிக்குச் சில்லறை. பெரிய செலவு அதற்குப் பிறகுதான்: வீடியோ, ரேடியோவில் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட வைப்பதற்கான ஓட்டம், விளம்பரம், டூர். அதனால் முதலில் ஒரு பாட்டை மட்டும் ரேடியோவில் விட்டு நாடி பார்ப்பார்கள். ஓடினால் ஆல்பம். ஓடாவிட்டால் “இன்னொரு பாட்டு கொண்டு வா”. அதுவும் ஓடாவிட்டால் இன்னொன்று. வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. நம் ஊரில் ஃபைலைக் கிடப்பில் போடுவது போலத்தான். நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். கிடப்புக்கு ஒரு காரணமும் வேண்டாம்.

இதில் ஆட்கள் மாறுவது தனிக் கொடுமை. உன்னை நம்பிக் கையெழுத்து வாங்கியவன் வேலையை விட்டுப் போவான், இல்லை கம்பெனியையே இன்னொருவன் விழுங்குவான். புதிதாக வந்து உட்காரும் அதிகாரிக்கு உன் ஆல்பம் ஜெயித்தால் பழையவனுக்குப் பெயர், தோற்றால் இவன் தலையில். அவன் ஏன் தொடுவான்? கிளிப்ஸ் என்ற ராப் சகோதரர்கள் இதை இரண்டு தடவை அனுபவித்தார்கள். 1999-ல் எலெக்ட்ரா கம்பெனியில் முதல் பாட்டு எடுபடவில்லை, முழு ஆல்பமும் பரணுக்குப் போனது. அப்புறம் 2002-ல் அரிஸ்டா மூலம் முதல் ஆல்பம் வந்து நன்றாக விற்றது. ஜெயித்தாயிற்று, இனி கவலையில்லை என்றுதானே நினைப்போம்? 2004-ல் சோனியும் பிஎம்ஜியும் ஒரே மியூசிக் கம்பெனியாகச் சேர்ந்த கலவரத்தில் அரிஸ்டாவின் ஆட்களை ஜைவ் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவர்களை வளர்த்த இசையமைப்பாளர் ஃபரெல் ஆட்களின் ஸ்டார் டிராக் லேபிள் இன்டர்ஸ்கோப் கம்பெனிக்குப் போய்விட்டது, இவர்கள் மட்டும் ஒப்பந்தப்படி ஜைவில். விடுவிக்கச் சொல்லி வழக்குக்கூடப் போட்டார்கள். இரண்டாவது ஆல்பம் 2006 நவம்பரில்தான் வந்தது. இடையில் மிக்ஸ்டேப்பாக விட்டுத்தான் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். உன் ஃபோல்டரில் அவை இருக்கின்றன, பெயரைத்தான் தப்பாக எழுதியிருக்கிறாய்.

வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று பையனே கேட்டான். விடமாட்டார்கள். கொடுத்த அட்வான்ஸ், ஸ்டூடியோ செலவு எல்லாம் அவன் கணக்கில் கடனாக நிற்கும். அவனுடைய ராயல்டிப் பங்கிலிருந்துதான் அதைக் கழிப்பார்கள். ஆல்பமே வராதபோது எதிலிருந்து கழியும்? வேறு கம்பெனி வந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்து, விற்பனையிலும் ஒரு பங்கைப் பழைய கம்பெனிக்கு விட வேண்டியிருக்கும். வந்தவன் ஓடிவிடுவான். அதற்கும் மேலே ஒரு பயம். 2000-ல் 50 சென்ட் என்ற ராப்பரின் ஆல்பம் கொலம்பியா கம்பெனியில் தயாராக இருந்தது. அந்த மே மாதம் அவர் மேல் ஒன்பது குண்டு பாய்ந்தது, கம்பெனி ஆளையே கழற்றிவிட்டது. மூன்றே வருடத்தில், 2003 பிப்ரவரியில், வேறு கம்பெனியில் முதல் வாரம் 8,72,000 பிரதி. அதைப் பார்த்த எந்த அதிகாரியாவது இனி ஒருவனை லேசில் போக விடுவானா? நான் விட்டவன் எதிரி வீட்டில் ஜெயித்தால் என் நாற்காலி போச்சு. பேசாமல் பரணிலேயே கிடக்கட்டும். இது என் ஊகம்தான், ஆனால் என் மேனேஜரைத் தினமும் பார்க்கிறேனே.

கலிஃபோர்னியாவில் ஒருவரை ஏழு வருடத்துக்கு மேல் வேலை ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடியாது என்று சட்டம் உண்டு. ஒலிவியா டி ஹாவிலாண்ட் என்ற நடிகை 1944-ல் வார்னர் பிரதர்ஸை எதிர்த்து அதை வைத்துத்தான் ஜெயித்தார். ஆனால் 1987-ல் மியூசிக் கம்பெனிகள் ஒரு திருத்தம் கொண்டுவர வைத்தன: பாடகர் ஏழு வருடத்தில் போகலாம், ஆனால் அவர் கொடுக்காமல் பாக்கி வைத்த ஆல்பங்களுக்கு நஷ்டஈடு கேட்டு கம்பெனி வழக்குப் போடலாம். ஓட்டையை உங்கள் ஆட்கள் எப்படி அடைத்தார்கள் பார்த்தாயா? பெருமையாக இருக்குமே உனக்கு.

எல்லாப் பழியையும் கோட்டு போட்டவர்கள் மேலேயே போட முடியாது என்பதும் உண்மை. தானே ராப்பரும் இசையமைப்பாளருமான டாக்டர் டிரேயைவிட ராப் தெரிந்த முதலாளி யார்? அவருடைய ஆஃப்டர்மாத் கம்பெனியே ஒரு பரண்தான். ராப்பர்களே குருவாக நினைக்கும் ராக்கிம் 2000-ல் அங்கே சேர்ந்தார். ராக்கிம்! ஒருவர் நினைத்த ஆல்பம் இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை, 2003-ல் வெறுங்கையோடு கிளம்பிவிட்டார். 1999-ல் டிரேயின் ஆல்பம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் அந்த ஹிட்மேன் குரலை நாம் எப்படிக் கொண்டாடினோம். அவருடைய சொந்த ஆல்பம் அங்கிருந்து வரவே இல்லை. ஸ்டாட் குவோ 2003-ல் சேர்ந்து 2008-ல் வெளியேறினார். பிஷப் லமான்ட்டும் காத்திருந்து காத்திருந்து கிளம்பினார். கடைசியில் டிரே தன்னுடைய ‘டீடாக்ஸ்’ ஆல்பத்தையே பரணில் போட்டார். அது நன்றாக வரவில்லை என்று 2015-ல் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். டீடாக்ஸ் வந்தால் பழனியில் மொட்டை என்று மெஸ் வாசலில் சத்தியம் செய்தவன் நீ. முருகன் உன்னிடம் கேட்காமலேயே தவணை முறையில் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஃபோர்மேன் உன் போட்டோவைப் பார்த்துச் சொன்னான். நான் இல்லை.

தப்பித்தவர்களும் இருக்கிறார்கள். லூப்பே ஃபியாஸ்கோவின் ஆல்பத்துக்காக 2010 அக்டோபரில் ரசிகர்களே நியூயார்க்கில் அட்லாண்டிக் ஆபீஸ் வாசலில் கூடினார்கள். 2011 மார்ச்சில் ஆல்பம் வந்து முதலிடம் பிடித்தது, ஆனால் கம்பெனி சொன்னதற்கு வளைந்து செய்தது என்பதால் அவருக்கே அது பிடிக்கவில்லை. நம் எம்.ஐ.ஏ., அதுதான் லண்டனில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பாடகி, தன் ‘மாதங்கி’ ஆல்பம் இழுத்துக்கொண்டே போனபோது, இனியும் தாமதித்தால் நானே இணையத்தில் விட்டுவிடுவேன் என்று 2013-ல் இன்டர்ஸ்கோப்பை வெளிப்படையாக மிரட்டினார். உடனே தேதி கிடைத்தது. நிப்ஸி ஹஸ்ஸில் எபிக் கம்பெனியில் ஆல்பம் வராமலே வெளியேறி, 2013-ல் ஒரு மிக்ஸ்டேப்பை 100 டாலர் விலை வைத்து ஆயிரம் பிரதி விற்றார். பெரிய ராப்பர் ஜே-ஸீ மட்டும் நூறு வாங்கினார். ஆனால் யோசித்துப் பார், இவர்கள் எல்லோருக்கும் கூப்பிட்டால் வந்து நிற்க ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. நம் பையனுக்கு இருப்பது நானும், அவன் காலேஜ் நண்பர்களும், லட்டு தின்ற தெருவும்.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. பணத்தைப் பற்றி இல்லை. இவன் எழுதுவது இன்றைய பேச்சு. பஸ்ஸில் கேட்டதை ராத்திரிக்குள் பாட்டாக்குகிறான். அதை நாலு வருடம் பூட்டி வைத்தால் அந்தப் பேச்சே தெருவில் இருக்காது. ஸ்டாட் குவோவின் முதல் ஆல்பம் கடைசியாக 2010-ல் வந்தபோது நீயும் நானும் கேட்டோமா? இல்லை. உனக்குக் குழந்தை பிறந்திருந்தது, நான் வீட்டுக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தேன். அவருக்காக அத்தனை வருடம் காத்திருந்த நாமே கேட்கவில்லை.

ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். 11-வது பத்தியையும் 19-வது பத்தியையும் முதலில் பார். ஆல்பத்தைக் கொடுத்த இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, பாட்டுகள் பையனுக்கே சொந்தம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் அது நிற்குமா? அவனைக் கூட்டிக்கொண்டு வந்த அதிகாரி வேலையை விட்டுப் போனால் இவனும் போகலாம் என்று கேட்கலாமா? இந்த மாதம் 28-ம் தேதி கையெழுத்து. அதற்குள் நீயே அவனிடம் பேசு. நான் சொன்னால் மாமன் புலம்பல், நீ சொன்னால் சட்டம்.

நேற்று அவனுக்கு சைகான் பாட்டு ஒன்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா போன் செய்து, “யாரோ இங்கிலீஷ்ல கத்தறான், இவன் திரும்பத் திரும்பப் போடறான், நீதான் அனுப்பினியாமே, ஒழுங்கா தூங்கச் சொல்லு” என்றாள்.

உன்,
பழைய ரூம்மேட்

பி.கு.: ஃபீஸ் என்று வாயைத் திறக்காதே. பபூஸ் ஆம்லெட் உட்பட 340 ரூபாய் மெஸ் பாக்கி என் பெயரில்தான் எழுதினாய். உனக்குக் கொடுத்த அட்வான்ஸ் அது, இன்னும் கழியவில்லை.