அந்த டெக்னிக்கல் என்னுடையது, அண்ணே

அண்ணே,

இங்கே அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்து மாநிலப் போட்டிக்கான நடுவர் பட்டியல் வந்த இரவே, அடுத்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நம் நடுவர் சங்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினீர்கள். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. எனக்கென்று தனியாக ஒரு வரி கிடையாது. மறுநாள் ஃபோன் செய்தேன். மதினிதான் எடுத்தார்கள். "அவரைக் கொஞ்ச நாள் விடும்மா" என்றார்கள். சரி என்று விட்டேன். ஆனால் வருகிற வாரம் இறுதிச் சுற்று. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மற்றவர்களும் படிப்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கிறவர்களும் இருக்கலாம். அதனால் எந்த மாநிலம், எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று எதையும் எழுதப் போவதில்லை. பட்டியல் போட்டவர்களைப் பற்றியும் பேச மாட்டேன். உங்களுக்கும் எனக்கும் இடையில் இருப்பது மட்டும்தான்.

பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, என் பெயர் இருக்கிறது. நான் போகிறேன். பெண்கள் பிரிவில் கடைசி நாள் ஆட்டங்களில் ஒன்று. சம்மதம் என்று அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். எதற்குக் கேட்க வேண்டும்? இப்படி எழுதும்போது உங்கள் முகம் கண் முன்னால் வருகிறது, வருத்தமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் நடுவர்கள் வீட்டில் என்ன பாடு என்பது இதில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். தோற்ற அணி வீட்டுக்குப் போகிறது. நடுவர்களும் அப்படியே சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வருகிறோம். தோற்றது அணிக்குத் தெரியும். நமக்கு மின்னஞ்சல் வராது, அவ்வளவுதான். அடுத்த சுற்றுக்கு யார் என்று முடிவு செய்பவை இவைதான்: விதித் தேர்வு, அனுபவம், கோடை முகாம், வந்து பார்த்துவிட்டுப் போனவர் எழுதிய குறிப்பு, அப்புறம் பயிற்சியாளர்கள் போடும் மதிப்பெண். இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் பயிற்சியாளர்களின் குரல் பல மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் கலந்திருக்கிறது. இன்றைக்கு நாம் யாருடைய பையனுக்கு ஐந்தாவது ஃபவுல் கொடுத்து வெளியே உட்கார வைக்கிறோமோ, அவர் நாளைக்கு நமக்கு மதிப்பெண் போடுகிறார். இதுதான் உங்களைச் சாய்த்தது என்று மதினி நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

எந்த ஆட்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

நடுவர்களுக்கு என்று கொடுத்த அறை ஆண்களுடையது. நான் நர்ஸ் அறையில் உடை மாற்றினேன். ஆட்டத்துக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசும் பேச்சு அந்த ஆண்கள் அறைக்குள்தான் நடக்கும். வேறு ஆட்களோடு போகும்போது, எல்லாம் பேசி முடித்துவிட்டு வெளியே வந்து "ரெடியா?" என்று மட்டும் கேட்பார்கள். நீங்கள் மூன்றாவது ஆளையும் கூட்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்தீர்கள். கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, முதலிலிருந்து பேசினீர்கள். பாப்கார்ன் வாங்கப் போகிறவர்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் விசில் ஊதினால் யார் விட்டுக்கொடுப்பது, கடைசி நொடியில் எறியும் பந்து யாருடைய பொறுப்பு, எல்லாம் அங்கே நின்றபடியே. அதைச் செய்த இன்னொரு நடுவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

மூன்றாவது கால் பகுதி. நான் டிரெய்ல், அதாவது ஆட்டத்துக்குப் பின்னால் வரும் நடுவர், ஒரு அணியின் பயிற்சியாளர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் முன்னால். நீங்கள் லீட், முன்னால் போய் நிற்கும் நடுவர், கூடைக்கு அடியில் எண்ட்லைன் என்கிற கடைக்கோட்டில். முதல் பாதி முழுக்க அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் ஊதலுக்கு விளக்கம் வேண்டும் என்றாலும் உங்களைத்தான் கூப்பிட்டார். பந்து தட்டி வந்தவன் மேல் அவருடைய பையன் இரண்டு கையையும் வைத்தான். விதிப் புத்தகப்படி அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, ஃபவுல்தான். முஷ்டியை உயர்த்தினேன். மேசைக்கு எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, அவர் என்னைத் தாண்டி உங்களைப் பார்த்து, இவளைக் கொஞ்சம் அடக்கி வை என்கிற மாதிரி ஒன்று சொன்னார். அவருடைய வார்த்தைகளை அப்படியே எழுத மாட்டேன்.

என் கைகள் மேலே வந்துகொண்டிருந்தன அண்ணே. ஒரு உள்ளங்கை படுக்கையாக, இன்னொன்று அதற்குக் கீழே நிமிர்ந்து, டி எழுத்து மாதிரி. மரியாதை தவறிப் பேசினால் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுலுக்கான சைகை அது. விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. மூச்சை இழுத்தாகிவிட்டது. அதற்குள் எண்ட்லைனிலிருந்து உங்கள் விசில்.

ஓடி வந்து நீங்கள் டி காட்டினீர்கள். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, நடுக்கோட்டில் பந்தும் அவர்களுக்கே. எழுந்து நின்று ஆட்டத்தை நடத்தும் உரிமையை அந்தப் பயிற்சியாளர் இழந்தார். என்னைக் கடந்து போகும்போது தமிழில், "ஒண்ணுமில்ல தங்கச்சி, ஆட்டத்தப் பாரு" என்றீர்கள்.

எங்கள் வீட்டில் எனக்காக யாரும் அவ்வளவு வேகமாக எழுந்து வந்தது கிடையாது. எட்டாம் வகுப்போடு நான் கூடைப்பந்தை நிறுத்தியபோது ஏன் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. அந்த ஜிம்மில், அத்தனை பேர் ஊளையிட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குத் தொண்டை அடைத்தது. அதே நேரத்தில் உங்கள் மேல் அப்படி ஒரு கோபமும் வந்தது. ஃபவுல் நான் கொடுத்தது. பேச்சு வாங்கியது நான். அந்த டெக்னிக்கலும் என்னுடையது. அதற்குப் பிறகு நான் ஊதின ஒவ்வொரு முறையும் இரண்டு அணிப் பையன்களும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். நீங்கள் தலையாட்டினால்தான் நகர்ந்தார்கள். அவர் என்ன சொன்னாரோ அதையே அந்த டெக்னிக்கலும் எல்லோருக்கும் சொல்லிவிட்டது. இவளுக்கு மேலே ஒரு ஆள் இருக்கிறார் என்று.

திரும்பி வரும்போது காரில் மதினி கொடுத்துவிட்ட ஃபிளாஸ்க் காபியைக் குடித்துக்கொண்டு, பெரியகுளம் கதை சொன்னீர்கள். மே மாதத்து அகில இந்தியப் போட்டி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், எல்லாப் பையன்களும் ஆட்டக்காரர்களைப் பார்க்க நீங்கள் மட்டும் நடுவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதையைக் கேட்டபிறகு கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நன்றி என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

அந்தப் பயிற்சியாளர் உங்களுக்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். அதற்குப் பிறகு வந்த பருவங்களிலும் எனக்கு வரவேண்டிய சண்டைகளை நீங்களே குறுக்கே விழுந்து வாங்கினீர்கள். என் மதிப்பெண் கெடவில்லை, உங்களுடையது சரிந்தது. மாவட்டச் சுற்றோடு உங்களை நிறுத்தினார்கள், அப்புறம் அதுவும் இல்லை. இப்போது நான் நிற்கப் போகிற தரையில் உங்கள் பங்கு இருக்கிறது. அதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் நான் கேட்டேனா அண்ணே? ஒரு தடவையாவது, எனக்குப் பதிலாக நீங்கள் ஊதுங்கள் என்று கேட்டேனா?

இதை எல்லாம் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருப்பேன். பட்டியல் வந்த வாரம் ஒரு வீட்டு விசேஷத்தில், நம் இருவருக்கும் வேண்டிய ஒருவரிடம் நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்திருக்காவிட்டால். பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு பெண் முகம் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள் என்றீர்களாம்.

நான் இந்தக் கோடுபோட்ட சட்டையைப் போடத் தயங்கியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "1997லயே வயலட் பால்மரும் டீ கான்ட்னரும் ஆம்பளைங்க ஆடுற என்.பி.ஏ.வுலயே விசில் ஊதியாச்சு, பள்ளிக்கூட ஆட்டத்துக்கு நீ வர்றதுக்கு என்ன?" அந்த வாய்தானே இதையும் சொன்னது? எனக்கு முதல் ஃபாக்ஸ் 40 விசில் வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். 1984இல் பிரேசிலில் நடந்த ஆட்டத்தில் விசிலுக்குள் குண்டு சிக்கிக்கொண்டு நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்குச் சத்தமே வராமல் போனதையும், கனடாவுக்குத் திரும்பி உள்ளே குண்டே இல்லாத விசிலை அவர் உருவாக்கியதையும் சொன்னீர்கள். சத்தம் வரவேண்டிய நேரத்தில் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் அதை என் கழுத்தில் மாட்டினீர்கள்.

2023இல், முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது என்கிற ஒன்-அண்ட்-ஒன்னை எடுத்துவிட்டு, கால் பகுதிக்கு ஐந்து ஃபவுல் ஆனால் இரண்டு ஃப்ரீ த்ரோ என்று மாற்றியபோது, உங்கள் கராஜில் உட்கார்ந்து அந்த விதியைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்தப் பரபரப்பு போய்விட்டதே என்று வருத்தப்பட்டீர்கள். நான் தேர்வில் எடுத்த மதிப்பெண் உங்களுக்குத் தெரியும். என் ஆட்ட வீடியோவை நிறுத்தி நிறுத்தி, நான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று திரையில் விரல் வைத்துக் காட்டியவர் நீங்கள். எனக்கு வேலை தெரியும் என்பதற்கு உங்களைவிடப் பெரிய சாட்சி யார் இருக்கிறார்கள்? ஊரில் யார் சொல்லியிருந்தாலும் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

விலகுகிறேன் என்று நீங்கள் எழுதியதையும் ஏற்க முடியவில்லை. கொரோனாவுக்குப் பிறகு நாடு முழுக்க நடுவர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். ஆள் இல்லாமல் வெள்ளிக்கிழமை ஆட்டங்களை வேறு நாளுக்குத் தள்ளுகிறார்கள். இந்தப் பருவத்தில் வந்த புதுப் பையன்களும் அந்த இரண்டு பெண்களும் யாரிடம் கற்றுக்கொள்வார்கள்? மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டிக் காய்ச்சலைச் சொல்லும் மார்ச் மேட்னஸ் என்ற பெயர் கல்லூரிக்காரர்கள் சொத்து இல்லை, 1939இல் இல்லினாயில் பள்ளி விளையாட்டுச் சங்கத்து ஹென்றி போர்ட்டர் பள்ளிப் போட்டியைப் பற்றித்தான் அப்படி எழுதினார் என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்? ஒரு பட்டியலுக்காகவா இவ்வளவையும் விடுவது? நான்கூடவா காரணம்? காரணம் நான்தான் என்றால் அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. முழங்கால் வலி எனக்கும் தெரியும், மதினி பட்ட பாடும் தெரியும். ஆட்டத்தைப் பார்க்க வாருங்கள் என்றும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். யாரிடம் அந்த வார்த்தையைச் சொன்னீர்களோ, அவரிடமே போய் அது சரியில்லை என்று சொல்லுங்கள். நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். மதினி வழியாகச் சொல்லி அனுப்பினால் ஏற்க மாட்டேன். அதுவரை உங்கள் ஃபோன் வந்தாலும் எடுக்க மாட்டேன்.