கிற்றார் வாசிக்கத் தெரியாதவரா ஜோ ஸ்ட்ரமர்?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இதழில் மேலைத்தேய இசை பற்றி வெளியான கட்டுரையில், ‘பங்க் ரொக்’ என்னும் இசைவகைக்கு உதாரணமாக ஆங்கிலேயக் கிற்றார் கலைஞரும் பாடலாசிரியருமான ஜோ ஸ்ட்ரமர் எடுத்துக்காட்டப்பட்டிருந்தார். அவர் லண்டன் சேரியொன்றில் கூலித் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவர் என்றும், முறையாகக் கிற்றார் வாசிக்கத் தெரியாத காரணத்தினாலேயே இரைச்சலை இசையென்று விற்றுப் பெயரெடுத்தவர் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதலாவது தகவல் பிழை. இரண்டாவது தகவலன்று, ஓர் அபிப்பிராயம். ஆனால் அந்த அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு கட்டுரையின் இறுதியில் வன்னி இளைஞர்களுக்கு ஓர் அறிவுரையும் வழங்கப்பட்டிருப்பதால், பல வருடங்களாகக் கோயிற் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற வகையில் இதை எழுத வேண்டியதாயிற்று.

ஸ்ட்ரமரின் இயற்பெயர் ஜோன் கிரஹாம் மெலர். 1952 ஆகஸ்ட் 21 அன்று துருக்கியின் அங்காரா நகரில் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய வெளிநாட்டுச் சேவை உத்தியோகத்தர். தந்தையார் பிறந்ததோ இந்தியாவின் லக்னோவில். தாயார் ஸ்கொட்லாந்துக்காரர், தாதியாகப் பணியாற்றியவர். கெய்ரோ, மெக்சிகோ நகரம், ஜெர்மனியின் பொன் நகரம் எனத் தந்தையின் இடமாற்றங்களோடு அலைந்த பிள்ளை, ஒன்பது வயதளவில் இங்கிலாந்தில் விடுதிப் பாடசாலையொன்றில் விடப்பட்டார். ஆகவே சேரியில் பிறந்து உயர்ந்தவர் என்ற கதை அவருக்குப் பொருந்தாது. நல்ல வசதியில் வளர்ந்தவர் ஒருவர் அதை உதறிவிட்டு வந்தார் என்பதே உண்மை. பங்க் இசையின் தொடக்க நாட்களில் அந்தப் பின்னணியை அவரும் பெரிதாக வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மறைப்பைச் சுட்டிக்காட்டிக் கட்டுரையாளர் குறை கூறியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

இனி வாசிப்புக்கு வருவோம். ஸ்ட்ரமர் இடக்கைப் பழக்கமுள்ளவர். எனினும் கிற்றாரை வலக்கைக்காரரைப் போலவே பிடித்துப் பழகினார். இடக்கைக்காரர்கள் வாத்தியத்தைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளையும் மாற்றிக் கட்டிக்கொள்வது வழக்கம். அவர் அப்படிச் செய்யாததால், கம்பி கம்பியாகச் சுரம் பிரித்து மீட்டும் நுணுக்கம் அவருக்குக் கைவரவில்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் வாசித்த ஒரு நண்பருக்குக் காசு சேகரிப்பவராக முதலில் நின்றார். பின்னர் யூக்கலேலி என்ற நான்கு கம்பிச் சிறு வாத்தியத்தைத் தானே தட்டத் தொடங்கினார். எல்லாக் கம்பிகளையும் ஒருசேரத் தட்டுபவர் என்ற பொருளிலேயே ‘ஸ்ட்ரமர்’ என்ற பெயரை வைத்துக்கொண்டார். தமக்குள்ள குறையைத் தாமே பெயராகச் சூடிக்கொண்ட ஒருவரை, அந்தக் குறையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லித் தாக்குவது எனக்குச் சற்று விநோதமாகப் படுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிவிட்டார். ஒரு குழுவில் தாளக் கிற்றார் வாசிப்பவருடைய வேலை வேறு, முன்னணிக் கிற்றார் வாசிப்பவருடைய வேலை வேறு. முல்லைமோடி என்ற முல்லைத்தீவுக் கூத்துப் பாணியில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் தனியாவர்த்தனம் செய்து காட்டுவதில்லை, ஆனால் அது ஒரு கணம் தளர்ந்தால் களரியில் நிற்பவனின் கால் தளர்ந்துவிடும். ஸ்ட்ரமர் பாடி வாசித்த ‘கிளாஷ்’ என்ற பங்க் ரொக் குழுவில் அவரது வலக்கை அந்த மத்தளத்தின் வேலையைச் செய்தது. மெட்டுக்கும் முன்னணி வாசிப்புக்கும் மிக் ஜோன்ஸ் இருந்தார். பாடல் வரிகளில் பெரும்பகுதி ஸ்ட்ரமருடையது. வாசிக்கத் தெரியாமல் மேடையேறியவர் என்ற குற்றச்சாட்டு அந்தக் குழுவில் எவருக்கேனும் பொருந்துமென்றால், அது பேஸ் கிற்றார் வாசித்த போல் சிமோனனுக்கே தொடக்கத்தில் பொருந்தும். சுரங்களின் இடங்களை வாத்தியத்தின் கழுத்திலே குறித்து வைத்துக்கொண்டு பழகியவர் அவர். 1979 ஆம் ஆண்டளவில் அவரே ஒரு பாடலை எழுதிப் பாடும் நிலைக்கு வந்துவிட்டார்.

ஸ்ட்ரமர் அந்த மேடைக்கு வந்த வழியும் சொல்லத்தக்கது. 1973 இல் வேல்ஸ் நாட்டின் நியூபோட் நகரில் கல்லறைத் தோட்டமொன்றில் குழிவெட்டும் வேலை பார்த்தார். 1974 இல், லண்டனில் ஆளில்லாது கிடந்த வீடொன்றில் குடிபுகுந்திருந்த நண்பர்களோடு சேர்ந்து ஒரு குழு அமைத்து, அந்த வீட்டு இலக்கத்தையே குழுவின் பெயராக்கி ‘101-அர்ஸ்’ என்றார். கடைசிவரை அவர் கையைவிட்டு நீங்காத ‘டெலிகாஸ்டர்’ கிற்றாரை வாங்கிய பணம் எப்படி வந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்கப் பெண் ஒருவர் பிரித்தானியாவில் தங்கியிருக்க வேண்டுமென்பதற்காக 1975 இல் அவரைப் பதிவுத்திருமணம் செய்துகொண்டு, அதற்காகப் பெற்ற நூறு பவுணில் வாங்கினார். விசாவுக்கான கலியாணம் என்ற விடயம் எங்கள் வாசகர்களுக்குப் புதிதன்று என்பதால் இதற்கு விளக்கம் எழுதவில்லை.

1976 ஏப்ரலில் அவருடைய குழுவுக்கு முன்னால் வாசிக்க வந்த ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்ற குழுவைக் கேட்டதும், தாம் அதுவரை செய்துவந்த இசை ஒரே இரவில் பழையதாகிவிட்டது என்று உணர்ந்தார். சில வாரங்களில் சொந்தக் குழுவைக் கைவிட்டு மிக் ஜோன்ஸோடும் சிமோனனோடும் ‘கிளாஷ்’ குழுவில் சேர்ந்தார். காம்டன் பகுதியில் ரயில்வேக்குரிய பழைய களஞ்சியக் கட்டிடமொன்றே அவர்களது பயிற்சி இடம். 1976 ஜூலை 4 அன்று ஷெஃபீல்டில் முதல் மேடை. 1977 ஏப்ரலில் முதல் இசைத்தட்டு.

அந்த முதற் தட்டின் பாடல்களை நான் கேட்டது 1990களின் முற்பகுதியில். லண்டனிலிருந்த உறவினர் ஒருவர் அனுப்பிய கசற் தாண்டிக்குளம் சோதனைச் சாவடி தாண்டி உருத்திரபுரம் வரை வந்து சேர்ந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் கசற்றுக்குத் தடை இருக்கவில்லை, பற்றரிக்குத் தடை இருந்தது. ஆகவே அக்காலத்தில் வன்னியில் எல்லோரும் செய்ததுபோலவே நாங்களும் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெறாமகனை மிதியைக் கையால் சுற்றவைத்துக் கேட்டோம். அவன் கை உளைந்தால் பாட்டு இழுபடும். நுளம்பு கடித்தால் நின்றுவிடும். அந்தக் குழுவின் பாடல்களுடைய சரியான வேகம் எது என்று பல வருடங்களுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று நான்கு சுரக்கூட்டுகளுக்கு மேல் அதில் ஏதுமில்லை என்பது மட்டும் முதல் நாளே விளங்கியது. மறுநாள் கோயிலிலிருந்த கிற்றாரை எடுத்து அவற்றை நானே தட்டிப் பார்த்தேன். அதற்கு முன்னர் கேட்ட எந்த மேலைத்தேயப் பாடலும் ‘உன்னாலும் முடியும்’ என்று என்னிடம் சொன்னதில்லை. எங்கள் பொப்பிசைக் காலத்து நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ மட்டும் விதிவிலக்கு.

1979 டிசம்பரில் வெளிவந்த ‘லண்டன் கோலிங்’ என்ற தட்டின் தலைப்புக்கு வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு மட்டும் விளங்கக்கூடிய இன்னொரு ருசியும் உண்டு. ‘லண்டன் அழைக்கிறது’ என்ற அந்தத் தொடர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிபிசி வானொலி தன்னை அறிவித்துக்கொண்ட வாசகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் தமிழோசையை இரவில் கேட்பதற்காகத்தானே நாங்களும் அந்தச் சைக்கிளைக் கவிழ்த்தோம்! அணு உலை விபத்து, தேம்ஸ் நதி பெருகி நகரை மூடுதல் என்ற அச்சங்களை அடுக்கும் அந்தப் பாடலை, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு 2018 டிசம்பரில் எங்கள் பக்கம் வெள்ளக்காடாகியபோது மீண்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ‘கிளாஷ்’ குழுவினரின் தொழில் வாழ்வில் நான் மிக மதிப்பது பாட்டைவிட விலையை. ‘லண்டன் கோலிங்’ என இரட்டைத் தட்டாக வெளியிட வேண்டிய பத்தொன்பது பாடல்களை, கம்பனியோடு மல்லுக்கட்டி ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்கச் செய்தார்கள். மறு ஆண்டு ‘சாந்தினிஸ்தா’ என்ற மூன்று தட்டுகள் கொண்ட வெளியீட்டில் முப்பத்தாறு பாடல்கள். அதையும் மலிவாக விற்பதற்காக முதல் இரண்டு இலட்சம் பிரதிகளுக்குரிய தங்கள் உரிமைப் பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்த மூன்று தட்டிலும் அரைவாசியை நீக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். அது வேறு விடயம். இரைச்சலை விற்றுப் பிழைத்தவர்கள் என்று எழுதுபவர், அவர்கள் என்ன விலைக்கு விற்றார்கள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

ஸ்ட்ரமரின் பிழைகளையும் நான் மறைக்கவில்லை. 1983 இல் மிக் ஜோன்ஸைக் குழுவிலிருந்து நீக்கியது பெரும் தவறு. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். ஜோன்ஸ் இல்லாமல் 1985 இல் வந்த கடைசித் தட்டு கேட்கச் சகிக்காது. 1986 இல் குழு கலைந்தது. அதன்பின் திரைப்பட இசை, சில படங்களில் நடிப்பு, 1989 இல் தனியாக ஒரு தட்டு என்று ஏதோ செய்துகொண்டிருந்தார். ஆனால் சொந்தப் பாடல்களோடு அடுத்த தட்டு வருவதற்குப் பத்து வருடம் சென்றது. 1999 இல் ‘மெஸ்கலேரோஸ்’ என்ற புதிய குழுவோடு திரும்பி வந்தபோது ஆபிரிக்க, தென்னமெரிக்க, ஆசிய இசைகளெல்லாம் அவரது தாளத்துக்குள் புகுந்திருந்தன. 2002 நவம்பர் 15 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்புப் படையினருக்கு நிதி சேர்ப்பதற்காக லண்டனின் அக்டன் நகர மண்டபத்தில் வாசித்தார். பார்வையாளராக வந்திருந்த மிக் ஜோன்ஸ் இடையில் மேடையேறி வந்து கூட வாசித்தார். ஏறக்குறைய இருபது வருடங்களின் பின் இருவரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான். ஐந்து வாரங்களின் பின், டிசம்பர் 22 அன்று, பிறவியிலிருந்தே இருந்தும் கண்டறியப்படாத இருதயக் குறைபாட்டினால் ஸ்ட்ரமர் காலமானார். வயது ஐம்பது.

அவருடைய பாடலொன்று எங்கள் இனத்தவர் ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்ததைக் கட்டுரையாளர் அறியாதிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். 1982 இல் வெளியான ‘ஸ்ட்ரெயிற் ரு ஹெல்’ என்ற பாடல், உருக்காலைகள் மூடப்பட்ட ஊர்களையும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் குடியேறிகளையும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுப்போன பிள்ளைகளையும் பாடுவது. குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்து, பின் அகதியாக லண்டன் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், அதாவது உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த பாடகி, அதன் இசையை எடுத்துத் தமது ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலுக்கு அடித்தளமாக்கினார். விசாவையும் எல்லைக் கடவையையும் பகிடியாகப் பாடிய அந்தப் பாடல் 2008 இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் வரை சென்றது. பாடலாசிரியர் பட்டியலில் ஸ்ட்ரமரின் பெயரும் இருக்கிறது. நூறு பவுணுக்கு ஒரு பெண்ணின் விசாப் பிரச்சினையைத் தீர்த்து வாங்கிய கிற்றாரின் கதையோடு இதைச் சேர்த்து வாசித்தால் சிரிப்பும் வருகிறது.

“வன்னி இளைஞர்கள் இத்தகைய கூச்சலை விட்டு முதலில் இசையிலக்கணத்தைக் கற்க வேண்டும்” என்பதே கட்டுரையின் முடிவு. சங்கீதப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியவன் நான். இலக்கணத்தின் அருமை எனக்கும் தெரியும். எனினும் எங்கள் அயலில் நான்கு பையன்கள், பாவனையில் இல்லாத நெற்களஞ்சியமொன்றில் ஒரு கிற்றார், கடன்வாங்கிய ட்ரம், பழுதுபார்த்த ஒலிபெருக்கி ஆகியவற்றோடு மாலையில் பாடுகிறார்கள். தோட்டத்துக்குள் இறங்கும் யானைகள் பற்றி ஒரு பாட்டு. கிழமைதோறும் நுண்கடன் தவணை அறவிட மோட்டார் சைக்கிளில் வருபவர்களைக் கண்டு பின்வாசலால் ஓடும் தாய்மாரைப் பற்றி இன்னொன்று. இரண்டிலும் சுருதி சுத்தமில்லை. அவர்கள் பொது மண்டபமொன்றைக் கேட்டுப் போனபோது, கச்சேரி என்றால் தரலாம், சத்தம் என்றால் தரமுடியாது என்ற பதில் கிடைத்ததாம். கட்டுரையாளர் ஒரு மாலை அந்தக் களஞ்சியத்துக்கு வருவதாயின் நான் அழைத்துச் செல்வேன். இரண்டாவது பாட்டு நடக்கும்போது வாசலில் வந்து நிற்கும் பெண்களின் முகங்களைப் பார்த்தபின், அது கூச்சலா இல்லையா என்பதை அவரே எழுதட்டும்.

அதுவரைக்கும், ஜோ ஸ்ட்ரமர் பிறந்தது லண்டனில் அன்று, அங்காராவில் என்ற திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இதழில் வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உருத்திரபுரம், கிளிநொச்சி.