கொட்டிய மணலும் மாறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கிலேயே தேங்கி, நகரக் கடற்கரை வெறும் கருங்கல் குவியலானது. கடலடியில் தடுப்பு அமைத்து, தூர்வாரிய மணலைக் கொட்டிய பிறகே மீண்டும் கால் புதைய நடக்க முடிகிறது.

ஆனால், கொட்டிய மணல் கொட்டியபடியே இருப்பதில்லை. சேற்றோடு கலந்து கறுத்து வரும் மணல், அலையில் அலசப்பட்டு, காற்றும் வெயிலும் பட்டு வெளுக்கிறது. நொய் போன்ற நுண்மணலை அலை சலித்து ஆழத்துக்குக் கொண்டுபோக, நீர்விளிம்பில் பருமணலும் சிப்பித் துண்டுகளும் எஞ்சுகின்றன. முறத்தில் புடைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருமணல் மிகுந்தால் கரையின் சரிவும் கூடும். குவார்ட்ஸ் என்னும் கடினக் கனிமத்தாலான மணல்மணியின் கூர்முனை மழுங்குவதற்கோ நெடுங்காலம் ஆகும். சில ஆண்டுகளில் மாறுவது மணியின் வடிவமன்று, கலவையே.

காந்தி சிலையருகே அண்மையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பழுப்பு மணிகளுக்கிடையே கருமணல் கோடாகப் படிந்திருக்க, உடைந்த சிப்பி உள்ளங்கையில் குத்தியது.

ஆகவே, இனி மணல் கொட்டுவோர் எத்தனை கனமீட்டர் என்று மட்டும் பாராமல், 0.25 மி.மீ.க்கும் குறைந்த நுண்மணல் எவ்வளவு என்று சலித்தறிந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் மாதிரி எடுத்து, முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குருசுக்குப்பம், புதுச்சேரி.